நாற்பது வருட இடி

அந்தப் பாட்டு வெளிவந்து அன்றோடு நாற்பது வருடம். ஒரே ஒரு பாட்டை வைத்து ஆயுளையே ஓட்டிய ராக் குழுவுக்கு அதைவிடப் பெரிய நாள் ஏது? வானொலியில் நேரலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். டிரம்மர் சட்டைக்கு இரண்டு தரம் இஸ்திரி போட்டுக்கொண்டு மனைவியோடு வந்துவிட்டார்.

அவருக்குப் பட்டப்பெயர் ‘இடி’. பாட்டின் தொடக்கத்தில் எட்டு நொடிக்கு டிரம்ஸ் மட்டும் தனியாக உருண்டு வருமே, அதற்காக ஊர் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்தது அடையாள அட்டையோடு சரி. ஆனால் அந்த எட்டு நொடி, ரெக்கார்டில் இருப்பதுபோல் மேடையில் ஒருநாளும் அவருக்கு வந்ததில்லை. விரல் தேயப் பழகிப் பார்த்துவிட்டார். “அன்னைக்கு வந்த கை மறுபடி வரல” என்று அதையும் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். பைத்தியக்கார மனுஷன்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் அவரும் அவள் அண்ணனும். அண்ணன்தான் குழுவின் பாடகர்.

“நேயர்களே, இன்னைக்கு ஒரு விருந்து இருக்கு” என்றார் அறிவிப்பாளர். “பாட்டு பதிவான அன்னைக்கு ஓடின டேப் கிடைச்சிருக்கு. நிறுத்த மறந்துட்டாங்க, நடுவுல பேசினதெல்லாம் பதிவாகியிருக்கு. நான் கேட்டேன், செம காமெடி!”

டேப் ஓடியது. முதலில் தட்டுத்தடுமாறும் டிரம்ஸ். பிறகு கதவு சாத்தும் சத்தம். அப்புறம் பாடகரின் இளவயதுக் குரல்: “அவன் வீட்டுக்குப் போயிட்டானா? நல்லதாப் போச்சு. வெளிய உக்காந்திருக்காரே, வாடகைக்கு வாசிக்கிறவரு, அவர உள்ள கூப்பிடு. அவர வச்சு புதுசா எடுத்துடலாம். இவன்கிட்ட யாரும் மூச்சு விடாதீங்க.”

ஒரு பெண் சிரித்தாள். சிரிப்பு முடிகையில் சின்னதாக ஒரு விக்கல். அதன்பின், அப்பழுக்கில்லாமல், அந்த எட்டு நொடி உருண்டு வந்தது.

அந்தச் சிரிப்பில் மயங்கித்தான் அவர் கல்யாணமே செய்துகொண்டார்.

பாடகர் தொடையில் தட்டிச் சிரித்தார். “மாப்ள, கோச்சுக்காத. பேரு உனக்குத்தானே வந்துச்சு?”

அறிவிப்பாளர் அதோடு விட்டாரா? “இடி அண்ணே, அதே எட்டு நொடிய இப்ப வாசிச்சுக் காட்டுங்க!” என்று குச்சிகளைக் கையில் திணித்தார். ஓரத்தில் இருந்த டிரம்ஸில் அவர் வாசித்தார். நாலாவது நொடியில் கை பிசகியது. எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள்.

வெளியே வந்து, காருக்குப் பக்கத்தில் நின்று மனைவியிடம் கேட்டார். “உனக்கு அப்பவே தெரியும், இல்ல?”

“தெரியும்.”

“ராப்பகலா அதையே பழகிக்கிட்டுக் கிடந்தேனே, அப்பகூடச் சொல்லணும்னு தோணலையா?”

“சொன்னா நீங்க தாங்கியிருப்பீங்களா?”

“சரி. எதுக்குச் சிரிச்ச?”

அதற்கு மட்டும் அவள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எந்தப் பொய்யையும் நம்ப அவர் தயாராக இருந்தார்.

“நீங்க வாசிச்சது அப்படி இருந்துச்சுங்க” என்றாள் அவள். அது நினைவுக்கு வந்துவிட்டது போல. அடக்கிப் பார்த்தும் முடியாமல் சிரித்துவிட்டாள், கடைசியில் அந்த விக்கலோடு.