ஜாமீன் கையெழுத்து

செனாடாவின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் நான். ஜெனிட்சா நகரில், எங்கள் தெருமுனையில் அவளுடைய புரெக் கடை; மெல்லிய மாவுத் தகட்டில் இறைச்சி வைத்துச் சுடும் பலகாரம் அது. மாவைத் தகடாக உருட்டும் பழைய இயந்திரம் ஒன்றை அந்தக் கடனில்தான் வாங்கினாள். உருளைகளுக்கு மேலிருந்த இரும்பு மூடியை அவள் கணவன் ரிஃபெத் முதல் வாரமே கழற்றிவிட்டான்.

"அது இருந்தா மாவு சிக்குதுக்கா. வேலை ஓடல."

இயந்திரம் வந்தால் அவர்களுடைய மூத்த பெண் அல்திஜானாவுக்கு வேலை குறையும் என்று நினைத்தோம். வியாபாரம்தான் கூடியது, ஆள் வைக்கக் கையில் காசில்லை. பதினைந்து வயதுக்காரி மாவு தள்ளிவிட்டுப் பள்ளிக்கு ஓடினாள். பிறகு வாரத்தில் மூன்று நாள். பிறகு போகவேயில்லை.

கடன் நிறுவனத்துக்காரன் புரெக்கைக் கடித்துக்கொண்டே சிரித்தான். "பொண்ணு சூட்டிகையா இருக்கா. அடுத்த கடன் இன்னும் பெருசா தரலாமே!"

"அவ பள்ளிக்கூடம் போக வேண்டாமா?" என்றேன்.

"நீங்க சும்மா இருங்கக்கா," என்றாள் செனாடா. "தவணை நின்னா உங்க சம்பளத்துலதான் பிடிப்பாங்க."

நான் என் புரெக் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.

மே மாதம் ஆண்டுத் தேர்வு. "ஒரே ஒரு நாள் விடும்மா," என்று அல்திஜானா அழுதாள். செனாடாவும் விட்டாள். அன்று வேலைக்குப் போகிற வழியில் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். கவிழ்த்த பால்கூடைமேல் ஏறி, தங்கை மினெலா இயந்திரத்துக்கு மாவு கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. அக்காவின் மேலங்கியைப் போட்டிருந்தாள், அதன் நீளக் கைகள் தொங்கின.

"கையைச் சுருட்டிக்கடி!"

இரைச்சலில் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். துணி உள்ளே போனது.

செனாடா ஓடிவந்து மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். அதற்குள் இரண்டு விரல்கள் போய்விட்டன.

மருத்துவமனையில் ரிஃபெத், "கதவுல மாட்டிக்கிச்சு டாக்டர்," என்றான். என்னைப் பார்த்தான்.

"பொய்," என்றேன். "மெஷின்ல. குழந்தைதான் ஓட்டிக்கிட்டிருந்தா."

அதிகாரிகள் வந்து கடைக்குச் சீல் வைத்தார்கள். கடன் தவணையை மாதாமாதம் என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். செனாடா என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள்.

அல்திஜானாதான் என் வீட்டுக்கு வந்தாள். "நான் பரீட்சைக்குப் போகாம இருந்திருந்தா…"

"அப்ப உன் கை போயிருக்கும்டி," என்றேன்.

செப்டம்பரில் நானே அவளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். வாசலில் அரைமணி நேரம் நின்றாள். மணி அடித்து, எல்லோரும் வகுப்புக்குப் போன பிறகு, தனியாக உள்ளே போனாள்.