குளிரில் கிடந்த பிள்ளை

பிறந்த பிள்ளையைக் குளிரில் கிடத்தி வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? அவன் நம்பவில்லை. இத்தனைக்கும் அவனுக்குச் சோறு போடுவதே குளிர்தான். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். மீன் கடையோ மருந்துக் கடையோ, எந்தக் குளிர்பெட்டி உயிரை விட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கூட்டாளிகள் வைத்த பெயர் ஐஸு.

தவமாய்த் தவமிருந்து பெற்ற மகள். பிரசவத்தில் தொப்புள்கொடி அழுந்தி, பிராணவாயு கிடைக்காமல், நீலம் பாரித்து வெளியே வந்தாள். குழாய் போட்டு மூச்சு கொடுத்தார்கள். இதயம் மறுபடி சீராகத் துடித்தது. அழுகை மட்டும் வரவில்லை.

மறுநாள்தான் அவனை உள்ளே விட்டார்கள். மகளின் கையைத் தொட்டவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சில்லென்றிருந்தது. அவள் படுத்திருந்த மெத்தைக்குள் இரண்டு குழாய்கள் போயின. மறுமுனை சக்கரம் வைத்த ஒரு பெட்டியில். பழக்க தோஷம், குனிந்து பெட்டியில் காதை வைத்தான். உள்ளே கம்ப்ரஸர் உறுமியது. திரையில் முப்பத்து மூன்றரை டிகிரி. அவன் கை தானாகப் பொத்தானுக்குப் போனது.

"எடுங்க கைய!"

நர்ஸ் பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"சிஸ்டர், இதுல ஹீட்டர் போயிடுச்சு, கூலிங்தான் ஓடுது. புள்ள விறைச்சுக் கெடக்கா. ரெண்டே நிமிஷம், சரி பண்ணிடறேன்."

"நீங்க சரி பண்ணாம இருந்தீங்கன்னா போதும்பா. நாங்கதான் குளிர வெச்சிருக்கோம்."

அவன் முழித்த முழியைப் பார்த்து அவளுக்கே இரக்கம் வந்துவிட்டது.

"காத்து இல்லாம தவிச்ச மூளைங்க இது. காத்து வந்த உடனே சரியாயிடாது. கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், அப்புறம்தான் உள்ளுக்குள்ள கெட ஆரம்பிக்கும். குளிர வெச்சா அந்தக் கேடு நிதானப்படும். மூணு நாளு. அப்புறம் மெல்ல மெல்ல சூடேத்துவோம்."

"கெட்டதெல்லாம் திரும்பிடுமா?"

"போனது போனதுதான். போகாம இருக்கறதத்தான் காவல் காக்கறோம்."

அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷமும் செத்த மீன் நாறாமல் இருக்கக் குளிரைக் கட்டிப்போட்டவன் அவன். அதே குளிர் இங்கே உயிரோடிருக்கிற ஒரு மூளைக்கு வாசலில் காவல் நின்றது. சாமி கும்பிடுகிறவன் மாதிரி அந்தப் பெட்டியைப் பார்த்தான்.

வெளியே மனைவியின் அண்ணன் காத்திருந்தான். "என்ன மாப்ள, மெஷினயே கழட்டப் போனியாமே? உன் பையில ஸ்பேனர் இருக்கான்னு பாக்கச் சொல்றாங்க."

"இருக்கு மச்சான்." எடுத்து நீட்டினான். "நீயே வெச்சுக்க. என் கைய நம்ப முடியாது." இருவரும் சிரித்தார்கள்.

மூன்று நாள் முடிந்து சூடேற்றத் தொடங்கியபோது மனைவியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான். திரையில் எண் எறும்பு ஊர்கிற மாதிரி ஏறியது. இந்த நேரத்தில் வலிப்பு வரலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். வரவில்லை. நீலம் வெளுத்த விரல்களில் ரோஜா நிறம் ஏறுவதை இருவரும் வாய் பிளந்து பார்த்தார்கள்.

"ஏங்க, அழுவாளா?"

அவன் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டு நின்றான்.

"மூச்சுக் குழாய எடுத்ததும் அழறாளான்னு பாப்போம்," என்றார் டாக்டரம்மா. "மீதியெல்லாம் அவ வளர வளரத்தான் தெரியும்."

மறுநாள் காலையில் குழாயை எடுத்தார்கள். குழந்தை அழுதது. பக்கத்துப் படுக்கைக் குழந்தையும் விழித்துக்கொண்டது.