சரிசெய்யப்படும்

எங்கள் நிறுவனத்தில் 'படும்' என்று முடியும் வேலையை யாரும் செய்வதில்லை. வாக்கியத்தில் ஆள் இல்லாதபோது வேலைக்கு மட்டும் ஆள் எங்கிருந்து வரும்? கோயமுத்தூரில் பல அடுக்ககங்களுக்கு லிஃப்ட் மாட்டிக் கொடுப்பவர்கள் நாங்கள். லிஃப்ட் நின்றுபோனால் குடியிருப்பவர்களின் போனுக்கு ஒரு செய்தி போகும். அதை எழுதுவது என் வேலை. 'தங்கள் லிஃப்டின் பழுது விரைவில் சரிசெய்யப்படும்.' அதே செய்தி மெக்கானிக் நஞ்சப்பனின் போனுக்கும் போகும். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதில் தன் பெயரைத் தேடுவார்.

"என்ற பேரு இல்லீங்களே மேடம்" என்பார். எடுத்த ஸ்பேனரைத் துடைத்து மறுபடி பெட்டியில் வைப்பார். அவர்மேல் குற்றமில்லை.

எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் ஒருமுறை 'எங்கள் குழு வருகிறது' என்று எழுதிவிட்டார். குழு என்ற பெயரில் எங்களிடம் ஒருவரும் இல்லை. ஆகவே வேன் காலியாகப் போய், அடுக்ககத்தின் வாசலில் ஹார்ன் அடித்துவிட்டுத் திரும்பி வந்தது.

எங்கள் லிஃப்ட் உள்ள ஓர் அடுக்ககத்தில் குடியிருக்கும் கோகிலவாணி தயிர் வாங்கக் கீழே போய்விட்டு நான்காம் மாடியிலுள்ள வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. அப்போது அவருடைய மகளுக்குத் தவழ மட்டும்தான் தெரியும். கணவர் கம்பிக்கதவு வழியாகச் சோறு கொடுத்தார். கோகிலவாணி உள்ளே கயிறு கட்டித் துணி காயப்போட்டுக்கொண்டார். தபால்காரர் தேடாமல் நேராக அங்கேயே வர ஆரம்பித்தார்.

ஒருநாள் கோகிலவாணி எனக்குப் போன் செய்தார்.

"ஏனுங்க, அந்த 'விரைவில்'ங்கறது எப்பங்க வரும்?"

"கேட்டுச் சொல்றேங்க."

"அவசரமில்லீங்க. பாப்பா நடக்க ஆரம்பிச்சுட்டா. மூணாவது மாடிக்குக் கூட்டிட்டு வந்து கம்பி வழியா காட்டறாங்க. ஆனா, அம்மா எங்கடீன்னு கேட்டா, எந்த ஊட்டுக்குப் போனாலும் அங்க இருக்கற லிஃப்டைக் காட்டறாளுங்க. அம்மான்னா லிஃப்டுன்னு நெனச்சுக்கிட்டா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து ஐந்தாம் மாடிக்குப் போனேன். அங்கேதான் எங்கள் எம்.டி. இருக்கிறார். அவர் 'நான்' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் "சாம்பார் ஊற்றப்படட்டும்" என்பாராம். அதனால் பாதி நாள் வெறும் சோறுதான் என்று கேள்வி.

"செய்தியில நஞ்சப்பன் பேரைப் போடணும் சார். அப்பதான் அவர் போவார்."

"பெயர் போடப்பட்டால் பொறுப்பும் ஏற்கப்பட வேண்டியிருக்கும்" என்றார்.

"ஒரு அம்மா உள்ள இருக்காங்க சார்."

"வருத்தம் தெரிவிக்கப்படும்."

"யார் சார் வருத்தப்படறது?"

"இந்தக் கூட்டம் முடிக்கப்படுகிறது" என்றார். கூட்டத்தை முடிக்க யாரும் இல்லாததால் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. நான் நடுவிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

என் இடத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் அடித்தேன். 'லிஃப்ட் கெட்டுப்போய்விட்டது. நாங்கள் மட்டமான பாகத்தைப் போட்டதுதான் காரணம். நஞ்சப்பன் இப்போது வந்து கதவைத் திறக்கிறார். அவரை அனுப்புவது நான், மிருதுளா.' 'தங்கள்' இல்லை, 'விரைவில்' இல்லை. 'நான்' என்ற சொல்லுக்குக் கீழே கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டது. போட்டால் போடட்டும் என்று அனுப்பினேன்.

நஞ்சப்பன் போனைப் பார்த்தார். "அட, நம்ம பேரு!" என்று செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.

கோகிலவாணி வெளியே வந்தபோது தயிர் நன்றாகப் புளித்திருந்ததாம். குழந்தை லிஃப்டுக்கு டாட்டா காட்டிவிட்டு அவர் இடுப்பில் ஏறிக்கொண்டதாம். நஞ்சப்பன் வந்து சொன்னார்.

மறுநாள் காலையில் அறிவிப்புப் பலகையில் ஓர் உத்தரவு இருந்தது. 'மிருதுளா உடனடியாகப் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்.' வாட்ச்மேன் அதை இரண்டு முறை படித்தார். "யாரு நீக்கறாங்கன்னு போடலீங்களே மேடம்" என்று சொல்லி, கேட்டைத் திறந்து சல்யூட் வைத்தார். நான் உள்ளே போய், நிலுவையில் இருந்த செய்திகளை எல்லாம் ஆள் பெயர் போட்டுத் திருத்த ஆரம்பித்தேன். யார் வந்து தடுப்பார்கள்? தடுக்கப்படும் என்றுதான் அவர்களுக்கு எழுதத் தெரியும்.

மத்தியானம் எம்.டி. நேரிலேயே சொல்லிவிடுவதென்று ஐந்தாம் மாடியிலிருந்து லிஃப்டில் இறங்கினார். என் இருக்கை இரண்டாம் மாடியில். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"லிஃப்ட் நின்றுவிட்டதாகத் தெரிவிக்கப்படுகிறது" என்றது பழக்கமான குரல்.

"உள்ளே யாருங்க?"

"ஒருவர் அடைக்கப்பட்டிருக்கிறார்."

"அது யாருன்னு சொல்லுங்க. செய்தியில எழுதணும்."

அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது கேட்டது. நஞ்சப்பன் ஸ்பேனரோடு என் அருகில் வந்து நின்றார்.

"நா…" என்றார் எம்.டி.

நாங்கள் இருவரும் காத்திருந்தோம். எனக்கு நிஜமாகவே அவர் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

"நா… நாளை தெரிவிக்கப்படும்."

"சரிங்க" என்று போனை வைத்தேன். நஞ்சப்பன் ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

சாயங்காலம் கோகிலவாணி குழந்தையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். விஷயம் கேள்விப்பட்டாராம். துணி காயப்போடும் கயிற்றையும் இரண்டு கிளிப்பையும் கொண்டுவந்திருந்தார். கம்பிக்கதவு வழியாக அவற்றை நானே கொடுத்தேன்.