ஜோசப் பேரில் இருக்கும் வண்டி

1

இந்தக் கதை திருவள்ளூர் ஆர்.டி.ஓ. ஆபீசில் எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்றால் ஏதோ தரையில் கிடந்ததைக் குனிந்து எடுத்ததுபோல் இருக்கிறது. எனக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒரு பெண்ணிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்பதுதான் சரி. நான் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். அவள் ஏதோ வண்டி விஷயமாக வந்திருந்தாள்.

கவுண்ட்டரில் இருந்தவர் கேட்டார்: "ஓனர் வந்திருக்காரா?"

"செத்துட்டாரு சார்."

"அப்ப யாருகிட்ட வாங்கினே?"

"வேற ஆளுகிட்ட. ஆனா ஓனரு எங்க நைனாதான்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது அவள் இல்லை. நான் கண்டதும் கேட்டதும் இவ்வளவுதான். மீதியெல்லாம் நான் கட்டுவது. பிரின்சி என்ற பெயர்கூட நான் வைத்ததுதான்.

2

முதல் வரிக்கு ரொம்பவே அலைந்தேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகளுக்குப் பின்னால் சூரியன்...

(வேண்டாம். சூரியனில் தொடங்கினால் பிரின்சி வந்து சேர இரண்டு பக்கம் ஆகிவிடும்.)

சில பொருள்கள் நம்மைத் தேடி வருகின்றன என்று பெரியவர்கள்...

(எந்தப் பெரியவரும் அப்படிச் சொன்னதில்லை.)

சரி, நேராகவே சொல்கிறேன். பிரின்சி காக்களூர் தொழிற்பேட்டையில் மின்சாரப் பெட்டிகள் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறாள். கூட வேலை பார்க்கும் மெர்சியின் மகளுக்குச் சர்ச்சில் புதுநன்மை விழா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டிக்குப் போனாள். அவள் பிறந்து வளர்ந்த ஊர் அது. பிரியாணி சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்து வரும்போது, பைபாஸ் ஓரம் பழைய வண்டிகள் விற்கும் ஒரு ஷெட்டைக் கடந்தாள். கடைசி வரிசையில் ஒரு மேக்ஸ் ஹண்ட்ரட் மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. நம்பரை அவள் படிக்கவில்லை. வாய்ப்பாடு மாதிரி உதடு தானாகச் சொன்னது.

கடைக்காரர் சடையப்பன் எழுந்து வந்தார். "இஞ்சின் கல்லு மாதிரி இருக்கும்மா. பேப்பர்லதான் கொஞ்சம் பேஜாரு."

"இன்னா பேஜாரு?"

"நாலஞ்சு கை மாறிட்ச்சு. ஒருத்தனும் பேரு மாத்தல. ஆர்.சி. புக்கையும் எவனோ தொலச்சிட்டான், ஜெராக்ஸ்தான் கீது. மொத ஓனரப் புடிச்சா ஒரு கையெழுத்துல முடிஞ்சிரும். ஜோசப்னு ஒரு ஆளு. பழைய அட்ரஸ்ல போய்ப் பாத்தேன். அங்க ஊடே இல்ல, ஏதோ கம்பெனி காம்பவுண்டு வந்துட்ச்சு."

"அந்த ஊடு எங்களுதுதான்" என்றாள் பிரின்சி. "ஜோசப்பு எங்க நைனா. அவரு போயி சேந்துட்டாரு."

சடையப்பனுக்கு முதலில் வந்தது பயம். ஒரு கையை வண்டியின் ஹேண்டில்மேல் வைத்துக்கொண்டார். "இன்னாம்மா, பேப்பர்படி வண்டி என்னுதுன்னு தூக்கிக்கினு போயிடுவியா?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழவும் செய்தாள் என்று எழுதியிருந்தேன். அதை எடுத்துவிட்டேன். பஸ்ஸுக்குப் போகிற வழியில், முன்பின் தெரியாத ஆளின் ஷெட்டில், பிரின்சி அழமாட்டாள்.

3

வண்டி அவள் அப்பா ஜோசப்புக்கு என்னவாக இருந்தது என்று இங்கே சொல்லியாக வேண்டும்.

அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்தில், ரோலிங் மில்லில் பர்மனென்ட் ஆன முதல் ஆள் ஜோசப். அந்தத் தெருவுக்கு வந்த முதல் மோட்டார் சைக்கிளும் அவருடையதுதான். ஞாயிறு பூசை முடிந்ததும் நால்வரும் அதில் ஏறுவார்கள். மூத்தவன் ஜெரால்ட் டேங்க்மேல், அடுத்து ஜோசப், நடுவில் நசுங்கிக்கொண்டு பிரின்சி, கடைசியில் ஒருக்களித்து அம்மா செண்பகம். காட்டுப்பள்ளி வரை போவார்கள். அப்போது அங்கே துறைமுகம் கிடையாது. சவுக்குத் தோப்பு, சுடு மணல், அப்புறம் கடல். திரும்பும்போது பிரின்சி அப்பாவின் முதுகில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிடுவாள். எஞ்சின் சத்தம் அவர் எலும்பு வழியாக அவள் காதுக்குள் வரும்.

மழைக்காலத்தில் வண்டி வீட்டுக்குள் ஏறிவிடும். ஒற்றை அறையில் நடுநாயகமாக அது நிற்க, அதைச் சுற்றி எல்லோரும் படுப்பார்கள்.

(இந்த இடத்தில் என்னை நம்பாதீர்கள். பழசை எழுதும்போது கை தானாகவே துடைத்துப் பளபளப்பாக்கிவிடுகிறது. பெட்ரோல் வாடையில் செண்பகத்துக்கு விடிய விடியத் தலைவலிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செண்பகம் ஜோசப்புக்கு முன்பே இறந்துவிட்டார். கேட்டுச் சரிபார்க்க ஆள் இல்லை.)

4

வண்டியைக் காசு கொடுத்து வாங்கியாயிற்று. இப்போது பேப்பர். தொலைந்த புத்தகத்துக்குப் போலீஸ் சான்று வேண்டும். இறப்புச் சான்றிதழ் வேண்டும். தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இதையெல்லாம் பிரின்சி லீவு போட்டும் பர்மிஷன் போட்டும் அலைந்து வாங்கிவிட்டாள். வாரிசுச் சான்றிதழில் இரண்டு பேர்: ஜெரால்ட், பிரின்சி. நான் அவளைப் பார்த்த அன்று கவுண்ட்டரில் கடைசியாகச் சொல்லியிருக்கக்கூடியது இதுதான்: "உங்கண்ணன் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போடணும்மா. போட்டா வண்டி உன் பேருக்கு வந்துரும்."

அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை.

ஜோசப்பை அடக்கம் செய்த அன்று, பெட்டியைத் தூக்க ஜெரால்ட் வரவில்லை. கல்லறைத் தோட்டத்து கேட்டிலேயே நின்றான். அவனுக்கு வலது காலில் இரும்புக் கம்பி. பெட்டியைத் தோளில் வைத்து நடக்க முடியாது. அது எல்லோருக்கும் தெரியும், பிரின்சிக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டாள்: "கடசி வரிக்கும் அவர் மேல கோவந்தானா உனக்கு?" அவன் அப்படியே திரும்பிப் போனவன்தான்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் படிவம் எழுதிக் கொடுக்கும் மணவாளன் நிலைமையைக் கேட்டுக்கொண்டார். "இதுக்கா இவ்ளோ யோசன? குடும்மா, அண்ணன் கையெழுத்த நானே போட்டுர்றேன். எவன் வந்து பாக்கப் போறான்?"

இங்கே கதை முடிந்திருக்கலாம். நியாயமான, எல்லா ஊரிலும் நடக்கிற முடிவு. பிரின்சி தலையைக்கூட ஆட்டிவிட்டாள். மணவாளன் படிவத்தைத் தொடைமேல் வைத்து "ஜெ" என்று எழுதத் தொடங்கினார். அந்தக் கொம்பைப் பார்த்ததும் அவள் படிவத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னாம்மா?"

"எங்கண்ணன் உயிரோடதாண்ணா கீறான்" என்றாள்.

5

ஜெரால்ட் காட்டுப்பள்ளியில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் ஸ்டோரில் இருக்கிறான். அவனை முதல் பிரதியில் வில்லனாக எழுதியிருந்தேன். குடிப்பான், பங்கு கேட்பான், கையெழுத்துக்கு விலை பேசுவான். எழுதவும் சுலபமாக இருந்தது. அவனை டீக்கடையில் உட்கார வைத்து வாயைத் திறக்கவிட்டதும் அந்தப் பக்கங்களைக் கிழிக்க வேண்டியதாயிற்று.

துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தன. பிரின்சி தானே இரண்டு டீ சொன்னாள்.

"ஒரு கையெழுத்து வேணும்ணே."

"எதுக்கு?"

"நைனா வண்டி கெடச்சிக்குது. மேக்ஸு."

அவன் டீயை வைத்துவிட்டான். "என் கால உடச்ச வண்டிய காசு குடுத்து வாங்கிக்கினு வந்துக்குறே."

"உனக்கு காலு ஞாபகம் வருது. எனக்கு நாம இங்க பீச்சுக்கு வந்தது ஞாபகம் வருது."

"வரும். உன் காலுதான் நல்லாக்குதே."

 

நடந்தது இதுதான். பத்தொன்பது வயதில் ஜெரால்ட் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஜி.என்.டி. ரோட்டில் போனான், ஒரு லாரி உரசியது. அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த மறுவாரமே ஜோசப் வண்டியை விற்றுவிட்டார்.

"ஒரு வார்த்த பேசல அவரு" என்றான் ஜெரால்ட். "திட்டியிருந்தா ஆறியிருக்கும். அடிச்சிருந்தாகூட. நான் படுத்துக்கினு கீறேன், வண்டி இல்ல. இனிமே நீ தொடக் கூடாதுன்னு புடுங்கிக்கினாரு. அதான் அர்த்தம்."

"நீ படுத்துக்கினு இருந்தே. நான் பாத்தேன்" என்றாள் பிரின்சி.

"இன்னா பாத்தே?"

"ஸ்டார்ட்டே பண்ணல. ஊட்டு வாசல்லருந்து தள்ளிக்கினே போனாரு. நான் ரயில்வே கேட் வரிக்கும் கூட ஓடினேன். ஏன் நைனா தள்றேன்னு கேட்டேன். சத்தம் போடாம வாடின்னாரு. உனக்கு அந்த சத்தம் கேக்கக் கூடாதுன்னுதாண்ணே."

ஜெரால்ட் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "பெட்ரோல் இருந்திருக்காது."

6

இந்த இடத்தில் நான் நிறைய நாள் நின்றுவிட்டேன்.

கதை சொல்பவன் நான். டேங்கை நிரப்ப எனக்கு ஒரு வரி போதும். "முந்தின நாள்தான் ஜோசப் பெட்ரோல் போட்டிருந்தார்." எழுதினேன். படித்துப் பார்த்தேன். அடித்துவிட்டேன். சாட்சியை வைத்து ஜெரால்டை ஜெயிக்கலாம், ஆனால் ஜெயித்த பிறகு அவன் போடும் கையெழுத்து எனக்கு வேண்டாம். டேங்கில் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியாது என்றே விட்டுவிடுகிறேன்.

ஜெரால்ட் அவள் பக்கம் திரும்பிக் கேட்டான்.

"யாருக்கு வித்தாரு?"

"கவரப்பேட்டைல ஒரு ஆளுக்கு."

"அம்மாந்தூரமா தள்ளிக்கினு போனாரு?"

"ஆமா. அம்மா சொல்லிச்சு."

"வெயில்லயா?"

"வெயில்லதான். வந்து, சட்டையக் கூட அவுக்காம உன் கட்டிலு கீழ படுத்துட்டாரு. நீ தூங்கிக்கினு இருந்தே."

நூறடி நடந்தால் நின்று மூச்சு வாங்குகிறவனுக்குத்தான் தூரம் தெரியும். ஜெரால்ட் தன் வலது முட்டியைத் தடவிக்கொண்டான். ஆறிப்போன டீயை ஒரே மடக்காகக் குடித்தான்.

"கல்லறத் தோட்டத்துல நீ கேட்டத நான் மறக்கல, பிரின்சி."

"நானும் மறக்கலண்ணே. கேட்டிருக்கக் கூடாது."

"பேனா வெச்சிருக்கியா?"

7

புது ஆர்.சி. அட்டை தபாலில் காக்களூருக்கு வந்தது. பழைய வண்டிக்கான பரிசோதனை, வரி எல்லாம் முடிந்து, உரிமையாளர்: பிரின்சி. கீழே தகப்பனார் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் ஜோசப். அவள் அதைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினாள்.

இதற்குப் பிறகு என்ன? எழுதிப் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

ஜெரால்ட் வருகிறான், சாவியை வாங்குகிறான், தங்கையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுகிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேக்ஸ் ஹண்ட்ரட்டை வலது காலால் உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். அவனால் முடியாது. அடித்தாயிற்று.

ஜெரால்ட் வரவில்லை. போனில் ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்புகிறான். இதுதான் பெரும்பாலும் நடக்கும். ஆனாலும் இதை எழுத எனக்கு மனசில்லை.

ஆகவே இப்படி. ஒரு ஞாயிறு மதியம் ஜெரால்ட் ரயிலேறி சென்ட்ரலில் மாறி திருவள்ளூர் வந்து, ஷேர் ஆட்டோவில் காக்களூர் சேர்கிறான். சாப்பிடுகிறான். வண்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபடி சொல்கிறான்: "ஸ்டார்ட் பண்ணு, பாப்போம்."

அவள் சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு உதைக்கிறாள். பிடிக்கவில்லை. மறுபடி உதைக்கிறாள். இருமிவிட்டு நிற்கிறது. அடுத்த உதைக்கு எஞ்சின் பிடித்துக்கொண்டது. பட்பட்டென்று அந்தச் சத்தம் சந்து முழுவதும் நிறைந்தது. எதிர்வீட்டில் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். நீலப்புகை ஜெரால்டின் முகத்துக்கு நேராகப் போயிற்று. அவன் நகரவில்லை. கண்ணை மூடியிருந்தான். கை சுவரைப் பிடித்திருந்தது.

"நிறுத்தட்டுமாண்ணே?" என்று கத்திக் கேட்டாள் பிரின்சி.

அவன் உதடு அசைந்தது. அவளுக்குக் கேட்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை. அவன் சொன்னது இதுதான் என்று இரண்டு விதமாக எழுதி, இரண்டையும் அடித்திருக்கிறேன். நீங்கள் என்னைவிட அவனுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். அவன் முகத்தைப் பார்த்து நீங்களே அவளுக்குச் சொல்லுங்கள். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.