துரை யாருக்காக நின்றது

செங்கல் சூளையில் எல்லோரும் அதைத் துரை என்றுதான் கூப்பிட்டார்கள். குட்டைக் குதிரைக்கும் குட்டைக் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதை. என் இடுப்புக்கு மேல் வளரவில்லை. காயப்போட்ட, இன்னும் சுடாத பச்சைக்கல் வரிசைகளுக்கு நடுவே பெரிய வண்டி நுழையாது. அந்தச் சந்துகளில் சின்ன வண்டியை இழுப்பதுதான் துரைக்கு வேலை. மனசு வந்தால் இழுக்கும். வராவிட்டால் நாலு பேர் சேர்ந்து கயிற்றைப் பிடித்தாலும் கால்களை ஊன்றிக்கொண்டு, நாங்கள்தான் ஏதோ தப்பு செய்த மாதிரி எங்களைப் பார்க்கும்.

டிராக்டர் வந்ததும் பெரிய வண்டி இழுத்த வெள்ளைக் குதிரையைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாற்றுப்பண்ணைக்குக் கொடுத்துவிட்டார்கள். துரையை யாரும் கேட்கவில்லை.

"உன் ரூமுக்குப் பின்னால இடம் சும்மாதானே கிடக்குது, நீயே வச்சுக்கய்யா" என்றார் மேஸ்திரி. "ரெண்டு பேருக்கும் ஒரே ஜாதகம். சொன்னாலும் கேக்க மாட்டீங்க, கேட்டாலும் சொல்ல மாட்டீங்க."

என் வீட்டுக்காரி தவறிப்போன பிறகு அந்த அறையில் நான் வாயைத் திறப்பது சாப்பிடத்தான். சரி என்று ஓட்டிக்கொண்டு வந்தேன்.

துரையோடு பழகக் கொஞ்ச காலம் பிடித்தது. எதிரே நின்று முகத்தைப் பார்த்து இழுத்தால் வராது. பக்கத்தில் நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அது பார்க்காத இடத்தில் கால் வைக்காது, அவ்வளவுதான். அதைத்தான் இத்தனை நாள் பிடிவாதம் என்று திட்டியிருக்கிறோம். புது வாளி வைத்தால்கூட மோந்து, சுற்றி வந்து, யோசித்த பிறகுதான் தண்ணீர் குடிக்கும். எனக்கும் அவசரம் ஒன்றுமில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து வருவேன். துரை கம்பிக் கதவில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கும். நீளக் காது இரண்டும் ரோட்டுப் பக்கம். பார்த்தவுடன் என் கால்வலி பாதியாகிவிடும்.

கட்டிக் கொடுத்த மகள் தூரத்தில் இருக்கிறாள். போனில் கேட்பாள். "தனியா என்னப்பா பண்றீங்க அங்க?"

"தனின்னு யாரு சொன்னா? நான் வர்ற வரைக்கும் ஒருத்தர் வாசல்லயே நிக்கறாரு."

"கழுதையச் சொல்றீங்களா?"

"உங்கம்மாகூட ஒரு நாள் நின்னதில்லம்மா."

மழை பிடித்துக்கொண்டு சூளையில் வேலை நின்ற ஒரு நாள், துரைக்குப் போட்ட கொட்டகைக்குள் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். துரை பக்கத்தில்தான் படுத்திருந்தது. பொழுது சாய்ந்ததும் எழுந்து, தூறலில் நனைந்துகொண்டே கதவுக்குப் போய் நின்றது.

"டேய், நான் இங்கதான்டா இருக்கேன்" என்றேன்.

ஒரு காது மட்டும் பின்னால் திரும்பியது. முகம் திரும்பவில்லை. எழுந்து போய்க் கதவுக்கு வெளியே அதன் கண்ணெதிரில் நின்றேன். கழுத்தை நீட்டி என்னைத் தாண்டிப் பார்த்தது.

அது பாலத்துக்குப் போகும் ரோடு. வெள்ளைக் குதிரை போனது அந்த வழியாகத்தான். நான் தினமும் வருவதும் அதே வழிதான்.

தீனி மிச்சமாகிக்கொண்டே வந்ததை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். இடுப்பெலும்பு தெரிந்தது. கொஞ்ச நாள் எதுவும் தெரியாதவன் மாதிரி இருந்து பார்த்தேன். கேரட் வாங்கிப் போட்டேன். இரண்டு கடி கடித்துவிட்டுக் கதவுக்குப் போனது.

லீவு கேட்டதும் மேஸ்திரி சிரித்தார். "என்னய்யா, சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோய் விடப் போறியா? போனா அது திரும்பி வராது, பாத்துக்க."

"தெரியுது."

"அப்ப எதுக்குப் போற?"

"அது சாப்பிட மாட்டேங்குதே."

இரும்புத் தகடு போட்ட பாலம். அதன் முனையில் துரை நின்றுவிட்டது. கயிறு என் கையில் இருந்தது. எதிரே போய் நின்று ஒரு இழுப்பு இழுத்தால் போதும், அன்றைக்கு முழுக்க அது நகராது. நானும் முயன்று பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். வெகுநேரம் அந்த யோசனையோடு நின்றேன்.

பிறகு கயிற்றைத் தளர்த்திவிட்டு, பக்கத்தில் நின்று ஆற்றைப் பார்த்தேன். துரை தகட்டை மோந்தது. ஒரு குளம்பால் தட்டியது. தட்டிவிட்டு நடந்தது. பாதிப் பாலத்துக்குப் பிறகு நான்தான் அதன் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

பண்ணையில் வெள்ளைக் குதிரையைப் பார்த்ததும் துரை, குதிரைக் கனைப்பாகத் தொடங்கிக் கழுதைக் கத்தலாக முடிந்த ஒரு சத்தம் போட்டது. அது இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. இரண்டும் கழுத்தோடு கழுத்து உரசிக்கொண்டு நின்றன. கொஞ்ச நேரத்தில் ஒரே தொட்டியில் தின்றன.

பண்ணைக்கார அம்மா கைமண்ணைத் தட்டிக்கொண்டு வந்தார். "என்னண்ணே, விட்டுட்டுப் போறீங்களா, கூட்டிட்டுப் போறீங்களா?"

"விட்டுட்டுப் போறேம்மா."

"எங்களுக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாதே. சொல்லிக் குடுத்துட்டுப் போங்க."

சொன்னேன். எதிரே நின்று இழுக்கக் கூடாது. புது வாளி வைத்தால் அது பார்த்து முடிக்கும்வரை பொறுக்க வேண்டும். குளம்பைத் தூக்குவதற்கு முன்னால் தோளில் கை வைக்க வேண்டும். காதை அதுவாகக் கொடுத்தால் மட்டும் தடவலாம். அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டார். இவ்வளவு பேசி எனக்கு எத்தனையோ காலமாகிவிட்டது.

"வேற ஏதாச்சும் இருக்காண்ணே?"

யோசித்துப் பார்த்தேன். இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம்.