எதற்கு இரண்டு பொத்தான்?

மின்னஞ்சல் செயலிக்குத் திரை வடிவமைப்பதுதான் தம்பிக்குப் பிழைப்பு. அந்த மாதம் அவன் தலையில் வந்து விழுந்தது பாதுகாப்பு அமைப்புகள் பக்கம். அதில் இரண்டு பொத்தான்கள். ஒன்று, பெறுபவரைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி கடிதத்தைப் பூட்டும். மற்றது, எழுதியவர் இன்னார்தான் என்று கையொப்பம் போடும். இந்த வித்தியாசத்தை விளக்குவதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைச் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்துத் திரையைக் காட்டினான். அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்ப்பவள்.

"எதுக்குடா ரெண்டு? பத்திரமா போகணும், அவ்வளவுதானே? ஒண்ணு போதாதா?" என்றாள்.

அட, அதுவும் சரிதானே! இரண்டையும் சேர்த்து 'பாதுகாப்பு' என்று ஒரே பொத்தானாக்கினான். மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அக்கா ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னாள். யோசித்திருக்க வேண்டியவன் இவனல்லவா?

ஐந்து மாதம் கழித்து, வேலைநாளில் மத்தியானமே அக்கா வந்து நின்றாள். தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றவில்லை.

கூடத்தில் காலாவதியான மருந்தை வைத்துச் சோதனை செய்கிறார்கள் என்று அவள் கண்காணிப்பு அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறாள். அதற்கென்றே செயலியில் பெயரில்லாத புது முகவரி சேர்த்து, 'பாதுகாப்பு' பொத்தானையும் மறக்காமல் போட்டிருக்கிறாள். அங்கே எந்தப் புண்ணியவானோ அதைத் திரையில் தெரிந்தபடியே அச்செடுத்து முதலாளியிடம் கொடுத்துவிட்டான். அடியில் 'கையொப்பம் சரிபார்க்கப்பட்டது' என்ற வரி. பக்கத்தில், செயலியில் முன்பே பதிந்திருந்த அக்காவின் முழுப்பெயர்.

"நான் எழுதலைன்னு சாதிச்சேன்டா. முதலாளி அந்தத் தாளை எடுத்து முன்னாடி போட்டார்." என்றாள் அக்கா. "அந்தக் கையெழுத்து சில நேரம் தப்பா விழும்னு உங்க ஆபீஸ்ல ஒரு கடிதம் வாங்கித் தாயேன். என் வேலை தப்பிச்சுடும்."

"அது தப்பா விழாதுக்கா," என்றான் தம்பி. "சரியாத்தான் விழுந்திருக்கு."

அக்கா திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும்.

"நீ பண்ணினதுன்னு நம்பிப் போட்டேன்டா," என்று மட்டும் சொன்னாள்.

வேலை போய்விட்டது. அடுத்த வாரமே தம்பி அந்தப் பொத்தானைப் பிரித்து மறுபடி இரண்டாக்கினான். "நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்கு ரெண்டு?" என்று மேலாளர் முகத்தைச் சுளித்தார். இவன் மல்லுக்கட்டிச் சம்மதம் வாங்கினான்.

புதுத் திரையை அக்காவிடம் கொண்டுபோனான். செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. கதவைத் திறந்தது அவள்தான். அதே மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தாள்.

"வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டு. எழுதியது நான்தான் என்று பெயரைக் காட்டு."

இரண்டாவது பொத்தானை விரலால் அணைத்தாள்.

"இப்ப நல்லாப் புரியுதுடா," என்றாள்.