கிளாம்ப் பிடித்த முதுகு

வெல்டர் செய்ததைக் கிறுக்குத்தனம் என்பதா, தொழில்புத்தி என்பதா, எனக்குத் தெரியவில்லை. நழுவிப்போன முதுகெலும்பை ஸ்க்ரூவும் கம்பியும் வைத்துச் சேர்த்த டாக்டர், இவருக்குப் புரியட்டுமே என்று, "உங்க வெல்டிங் மாதிரிதான்" என்று சொல்லித் தொலைத்தார். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, இடுப்பைத் திருப்பக் கூடாது என்று பின்னால் சொன்ன எதுவும் மனுஷன் காதில் ஏறவில்லை. வெல்டிங் என்றால் சூடு ஆறியதும் பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டியதுதானே?

சில வாரங்கள் பொறுத்தார். டாக்டர் கொடுத்த இடுப்புப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அறைக்கும் கூடத்துக்கும் நடந்தார். ஒட்டியிருக்குமா, இருக்காதா என்ற யோசனை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. திரும்பப் பட்டறையில் நிற்க முடியுமா என்பதே அதில்தான் இருந்தது. மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து, வாசலில் இருந்த தண்ணீர் கேனைக் குனிந்து தூக்கினார்.

முதுகில் 'டக்' என்றது.

கேனை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். வலி இல்லை. வலியே தெரியாமல் மரத்துப் போய்விட்டதோ? கால்விரல்களை ஆட்டிப் பார்த்தார், ஆடின. கொஞ்சம் கழித்து மறுபடி ஆட்டிப் பார்த்தார்.

"ஏன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டபடி மனைவி உள்ளே வந்ததும், எல்லாவற்றையும் உளறிவிட்டார். அவள் திட்டவில்லை. பையை வைத்துவிட்டு வண்டியைக் கூப்பிட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"எதுக்குத் தூக்கினீங்க?"

"பிடிச்சிருக்கான்னு பார்த்தேன் சார்."

"ஸ்க்ரூ நகரலை, தப்பிச்சீங்க. ஆனா எலும்பு இன்னும் ஒட்டலை. ஸ்க்ரூ வெறும் கிளாம்ப்தான். எலும்பு தானா வளர்ந்து ஒட்டற வரைக்கும் அசையாம பிடிச்சிட்டிருக்கும். அதுக்கு மாசக்கணக்குல ஆகும்."

"அப்ப அந்தச் சத்தம்?"

"ஏதோ மூட்டு சொடக்கு விட்டிருக்கும். இன்னொரு தடவை தூக்கினா ஸ்க்ரூவே உடையலாம். அப்புறம் மறுபடி கீறணும்."

வெல்டர் முகம் சுண்டிப்போனது. பட்டறையில், இன்னும் பற்றவைக்காமல் கிளாம்ப் மட்டும் பிடித்து நிறுத்திய வேலையில் பாரம் ஏற்றியவர்களை இவரே எத்தனை முறை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார்.

வெளியே வந்தால், இவருடைய செருப்பை யாரோ பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தார்கள். குனியப் போனவர் சட்டென்று நின்றார்.

"எடுத்துக் குடேன்" என்றார். மனைவியிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது.

அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்தாள். இன்னொரு கையை இடுப்பில் ஊன்றி, பாதி குனிந்து, கொஞ்சம் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு மீதியும் குனிந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு இவரைத் தூக்கி உட்கார வைத்ததும் படுக்க வைத்ததும் அவள் ஒருத்திதான். தன் முதுகையே கவனித்துக் கிடந்தவர் இப்போதுதான் அவள் முதுகைப் பார்த்தார்.

"உனக்கு எப்பலேர்ந்து வலிக்குது?"

அவள் நிமிராமலே செருப்பை அவர் பாதத்தருகே வைத்தாள்.

"காலை நீட்டுங்க" என்றாள்.